பச்சை வளையல் தோரணம்

சொர்ணத்துக்கு எதையும் தூக்கி எறிய மனம் வராது. எரிந்துபோன பல்பில் மணிபிளான்ட் வளர்ப்பாள். கிழிந்த சேலையில் மிதியடி பின்னுவாள். ஆவடியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். குப்பையை வீட்டுக்குள் சேர்க்கிறாளே என்று நான் முதலில் முகம் சுளித்ததுண்டு. அப்புறம் நானே அவளிடம் மிதியடி கேட்டு வாங்கினேன்.

எழுபத்திரண்டில், பூந்தமல்லி அன்வர் பாஷாவின் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு பிஸ்கட் டின் நிறைய உடைந்த கண்ணாடி வளையல் வாங்கி வந்தாள். எல்லாம் பச்சை, தங்கப் புள்ளி வைத்தது. துண்டுகளை மெழுகுவத்திச் சுடரில் இளக்கி, வளைத்து, ஒன்றில் ஒன்றைக் கோத்து வாசலில் தோரணமாகத் தொங்கவிட்டாள். எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

சாயங்காலம் ஃபேக்டரி சங்கு ஊதியதும் அது கலகலக்கும். காற்று துளிகூட இருக்காது. அவள் புருஷன் கன்னியப்பனுக்கு அந்த ஃபேக்டரியில்தான் வேலை. தெருமுனையில் அரட்டை அடித்துவிட்டுக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேர்வான்.

“அவரு கெளம்பினதும் எனக்குச் சொல்லிடுதுக்கா,” என்று சிரிப்பாள். எழுந்து, அவன் கைகால் கழுவத் தண்ணீர் மொண்டு வைப்பாள்.

ஒருநாள் கீரை விற்க வந்த அங்கம்மா, தோரணத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். தன் வெறுங்கையால் ஒரு துண்டைத் தடவினாள்.

“இது என் வளையலும்மா. திருவிழால எங்க ஊட்டுக்காரரு ஆசையா வாங்கித் தந்தது. அவரு செத்த பதினாறாம் நாளு ஏரிக்கரையில ஒடச்சாங்கோ. எவன் பொறுக்கினு போனானோ.” பிறகு அவளே கேட்டாள்: “சங்கு ஊதினா சத்தம் போடுதா?”

சொர்ணம் மெல்லத் தலையாட்டினாள்.

“அவருக்கும் இந்த ஃபேக்டரிலதான் வேல. சங்கு ஊதினா நேரா ஊட்டுக்குத்தான் வருவாரு. கயட்டிடு தாயீ. புருஷன் கீற ஊட்ல இது வாணாம்.”

 அன்றைக்கே அதைக் கழற்றச் சொர்ணம் ஸ்டூல் போட்டு ஏறினாள். கன்னியப்பன் விடவில்லை.

“கண்ணாடித் துண்டு இன்னாடி பண்ணும்? நல்லாத்தானே கீது, உடு.”

இறங்கிவிட்டாள். அதற்குப் பிறகு சங்கு ஊதினால், அவன் முகத்தைப் பார்க்கும்வரை தாலியைப் பிடித்தபடி நிற்பாள். அவளைப் பார்க்க எனக்கே பயமாக இருக்கும்.

ஆடி மாதம் நசரத்பேட்டை அருகே லாரி மோதி, கன்னியப்பன் சைக்கிளோடு போய்ச் சேர்ந்தான்.

பதினாறாம் நாள் சொர்ணத்தின் சிவப்பு வளையல்களை உடைத்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்திவிட்டேன், யாரும் கேட்கவில்லை. அவள் அழவில்லை. துண்டுகளை முந்தானையில் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய் மெழுகுவத்தி ஏற்றினாள். மறுநாள் தோரணத்தில் பச்சையோடு சிவப்பும் தொங்கியது.

இப்போதெல்லாம் சாயங்காலம் அது இரண்டு தடவை கலகலக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு நன்றாகவே கேட்கும். சங்கு ஊதியதும் ஒரு தடவை. அதற்குச் சொர்ணம் அசையமாட்டாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை. அப்போதுதான் எழுந்து தண்ணீர் மொண்டு வைக்கிறாள்.