சுறா எண்ணெய் வாடை

சாவியைத் திருப்பியதும் காரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடும். இப்போதைய கார்களில் அதோடு சேர்ந்து இன்னும் என்னென்னவோ விளக்குகள் எரிகின்றன. என் கண்ணுக்கு அந்த ஒன்றுதான் தெரிகிறது. அது அணையும்வரை எனக்கு மூச்சு சீராக வராது. என் லாத்தாவின் மகள்தான் இப்போது என்னை வெளியே அழைத்துப் போகிறவள். நான் முகப்பையே வெறித்துப் பார்ப்பதைக் கண்டு அவள் சிரிப்பாள். இந்தப் பழக்கம் எனக்கு வந்தது அவளைப் பெற்ற வாப்பாவால்.

லாத்தா என் மூத்த சகோதரி. அவள் கணவரை நான் மச்சான் என்பேன். எங்கள் கடற்கரை ஊரில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். மச்சான் தண்ணீர் மொள்ள எழுந்தாலே, மாப்பிள்ளை வேலை செய்வதா என்று எங்கள் உம்மா பதறிப்போவார். மச்சானுடையது தோணி வைத்திருந்த குடும்பம். அவருக்குக் கொழும்பில் துணிக்கடை. சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஊருக்கு வந்திருந்தபோது திடீரென்று ஒரு பழைய காரை வாங்கினார். எங்கள் தெருவில் அதுதான் முதல் கார். மனுசனுக்குப் பணம் தலைக்கேறிவிட்டது என்று பேசினார்கள். வாங்கிய காரணம் எங்கள் வீட்டுக்குள் மட்டும் தெரியும். லாத்தாவின் முதல் பிரசவத்துக்கு வலி எடுத்து, மாட்டு வண்டியில் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். போய்ச் சேர்வதற்குள் பிள்ளை இறந்துவிட்டது. அவள் மறுபடி உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த வாரமே மச்சான் கார் வாங்கினார்; பிரசவம் முடியட்டும் என்று கொழும்புக்கும் போகவில்லை. அவருடைய ஆடம்பரம் அவ்வளவுதான்.

லாத்தாவுக்கு மாதம் நெருங்கிய சமயம், அந்தக் கார் சிக்கல் கிராமத்துக்குப் போன இடத்தில் நின்றுவிட்டது. சிக்கலில் கார் சிக்கிக்கொண்டதைச் சொல்லிச் சொல்லிக் கடைத்தெருவே சிரித்தது. காளைகளைப் பூட்டி இழுத்து வந்தோம். ராமநாதபுரத்து மெக்கானிக் வந்து பார்த்தார். பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுகிற டைனமோ போய்விட்டது, வேறு மாற்ற வேண்டும், சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது அதைச் சொல்லத்தான் என்றார். மதுரையிலிருந்து டைனமோ பஸ்ஸில் வந்து சேர்ந்தது. மாட்ட வேண்டிய மெக்கானிக் காய்ச்சலில் படுத்துவிட்டார். எந்த நாளும் வலி வரலாம் என்று லேடி டாக்டர் சொல்லியிருந்தார். மச்சான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார்.

எங்கள் வாப்பாவுக்குத் தாங்கவில்லை. "மாப்ள, நீங்க போயி இதுல கைய வச்சா ஊரு என்ன சொல்லும்? ஆளு வரட்டுமே."

"ஆளு வாரதுக்குள்ள புள்ள வந்துருச்சுன்னா என்ன செய்ய மாமா?" என்றார் மச்சான்.

ஸ்பேனரைப் பிடித்துப் பழகாத கை அது. ஆனாலும் அவர் வேலை செய்த விதம் இன்றும் என் கண்முன் நிற்கிறது. வெள்ளைத் துணியை விரித்து, கழற்றிய போல்ட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே வைத்தார். டைனமோவுக்கு வருகிற இரண்டு ஒயர்களும் மாறிவிடக் கூடாதென்று, துணி மூட்டைக்கு அடையாளம் கட்டுவதுபோல் ஒன்றில் பச்சை நூலும் ஒன்றில் மஞ்சள் நூலும் முடிந்தார். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவருக்குக் கூச்சமே கிடையாது. உள்ளூர்ப் பள்ளிக்கூட வாத்தியாரான என்னிடம் கேட்டார், எனக்கும் தெரியாது. தெருவில் போன பஸ் டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டார். புது டைனமோவை ஏற்றி, பெல்ட்டை மாட்டி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து முறுக்கினார். பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருப்பினார்.

என்ஜின் ஓடியது. சிவப்பு விளக்கு அணையவில்லை.

பெல்ட் கீச்சுக் கீச்சென்று கத்தியது. அப்போது ஜன்னலுக்கு உள்ளே லாத்தா குமட்டுகிற சத்தம் கேட்டது.

"அந்தச் சுறா எண்ணெ வாடை மறுபடியும் வருது. காரு ஓடுனாலே கருகுற வாடை. எத்தன மாசமா சொல்றேன், யாரு கேக்குறா."

"வயித்துப் புள்ளக்காரிக்கு எதுதான் வாடையடிக்காது" என்றார் உம்மா. நாங்களெல்லாம் இத்தனை நாளும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மச்சான் மட்டும் என்ஜினை நிறுத்தினார். பெல்ட்டைத் தொட்டு, விரலை மூக்கருகே கொண்டு போனார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தோணிக்காரர் வீட்டில் உப்புக்காற்று படுகிற எதற்கும், மரமானாலும் சங்கிலியானாலும், சுறா எண்ணெய் பூசுவார்கள். மச்சானும் வெள்ளிக்கிழமை தவறாமல், என்ஜினுக்குள் கை எட்டிய இடமெல்லாம் ஆசை ஆசையாகப் பூசி வந்திருக்கிறார். அது உள்ளே இறங்கிப் பழைய டைனமோவைக் கெடுத்திருக்கிறது. எண்ணெயில் ஊறிய பெல்ட் வழுக்கிப் புதியதையும் சுற்றவிடவில்லை.

அவர் எழுந்து ஜன்னலடிக்குப் போனார். வாப்பா, நான், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இருந்தோம். அந்தக் காலத்தில் ஆம்பிளைகள் நாலு பேர் முன்னால் பெண்டாட்டியிடம் இப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. "நீ சொன்னதுதான் புள்ள சரி. நான் கேட்டிருக்கணும். தப்பு என்மேல."

உள்ளேயிருந்து ஜன்னல் கம்பிகளுக்கிடையே ஒரு கிண்ணம் வந்தது. "இந்தாங்க சீயக்கா. தலையெண்ணெய் போகுது, இது போகாதா?" மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். பெல்ட்டையும் அது ஓடுகிற சக்கரங்களையும் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து மாட்டினார். இந்த முறை விளக்கு அணைந்தது. வாப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வாரமே வலி வந்தது. கார் எங்கும் நிற்கவில்லை. பெண் குழந்தை பிறந்தது.

அதற்குப் பிறகு மச்சான் எந்தக் காரை ஓட்டினாலும், சிவப்பு அணைந்ததும் பின்னால் திரும்பி லாத்தாவிடம், "வாடை ஏதும் வருதா புள்ள?" என்பார். "இல்ல, போங்க" என்று அவள் சொன்ன பிறகுதான் வண்டி நகரும். நான் பழகிய ஆண்களில் அவரைப்போல் ஒருவரை நான் கண்டதில்லை. இப்போது இருவருமே இல்லை.

போன வாரம் ராமநாதபுரத்துக்குப் புறப்பட்டோம். லாத்தா மகள் சாவியைத் திருப்பினாள். சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. அவள் என் பக்கம் திரும்பி, "வாடை ஏதும் வருதா மாமா?" என்றாள். எப்போதும் எதற்கு இப்படிக் கேட்கிறாய் என்றேன். "தெரியல மாமா. வாப்பா கேப்பாக. கேக்காம எடுத்தா எனக்கு வண்டி ஓட்டவே வராது."

கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் முகர்ந்து பார்த்தேன். "இல்லம்மா, போ" என்றேன்.