சமமா கெடந்த எடம்

நான் சொல்றது புத்தகத்துல வரப்போகுதாம், சந்தோசம் தாங்கல! பேத்திதான் எழுதுறா.

சின்னக்கானல்ல எங்க ஏலத்தோட்டம் முழுக்கச் சரிவு. மம்பட்டி, மருந்து மிஷினு வைக்க ஷெட்டு போடணும். ஓடைப் பக்கம் ஒரு எடம் மட்டும் சமமா கெடந்துச்சு.

"அது யான வார வழியாச்சே?"ன்னேன்.

"உன்னயப் பாத்தா யானயே ஓடிரும்டி"ன்னு எங்க வீட்டுக்காரர் சிரிச்சாரு. அங்கயே ஷெட்டு போட்டு, தவிட்டு மூட்டையும் வச்சாரு. மழைன்னு எங்க பசு லெச்சுமியையும் உள்ள கட்டுனாரு; அதோட கன்னுக்குட்டி வீட்டுத் திண்ணையில நின்னுச்சு.

தவிட்டு வாசத்துக்கு யான வந்து ஷெட்டயே சாச்சிருச்சு. கட்டுன கயிறு விடாம, லெச்சுமி தகரத்துக்கு அடியில செத்துக் கெடந்தா.

"யான நடந்து நடந்துதான்டி அந்த எடம் சமமாயிருக்கு"ன்னு அவரு தேம்பித் தேம்பி அழுதாரு.

இப்ப ஷெட்டு வீட்டை ஒட்டி, சரிவுலதான் நிக்குது. தவிடு சேத்து வைக்கிறதில்ல. லெச்சுமியோட கன்னுக்குட்டி ராத்திரி எங்ககூட வீட்டுக்குள்ளதான். அதைக் கயித்துல கட்ட எனக்குக் கை வரல.