ஆரஞ்சுப் பிடி வைத்த கத்தி

மடக்குக் கத்தி என்னைக் கவிழ்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் நானும் என் வீட்டுக்காரரும் வழக்கம்போல நேமத்தான்பட்டிப் பக்கம் அவருடைய நண்பரின் தோப்புக்குப் போயிருந்தோம். தார்ப்பாயை இழுத்துக் கட்டி நிழல் செய்வோம், மூன்று கல் கூட்டிச் சமைப்போம், கிடைத்த மரத்தில் கரண்டி, தார்ப்பாய்க் கயிறு கட்ட முளை என்று எதையாவது சீவுவோம், பொழுது சாயுமுன் வீட்டுக்கு வந்துவிடுவோம். இதற்கு ஆங்கிலத்தில் புஷ்கிராஃப்ட் என்று ஒரு பெயர் இருப்பதே எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரியும். எங்களுக்கு அது காட்டுக்குப் போவது, அவ்வளவுதான். அன்றைக்குப் பனைமட்டையில் துளை போடக் கத்தி முனையை வைத்து அழுத்தினேன். பூட்டு நழுவி, அலகு என் விரல் மேலேயே மடங்கிக்கொண்டது.

வலது கை ஆள்காட்டி விரல். தையல், கட்டு, மூன்று மாதம் விரலுக்குப் பயிற்சி எல்லாம் ஆயிற்று. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இப்போது சாக்பீஸைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்து எழுதுகிறேன். கையெழுத்து முன்பைவிட அழகாகிவிட்டது என்று நானே சொல்லிக்கொள்வேன், வேறு யாரும் சொல்லவில்லை. விரல் பாதிதான் மடங்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது என்னவென்றால், அதற்குப் பிறகு தோப்பில் என் வீட்டுக்காரர் என்னைக் கத்தியைத் தொட விடவில்லை.

அவர் சத்தம் போடுகிற ஆள் கிடையாது. எங்கள் பக்கம் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். ஒருவர் கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த முறையை அவர் தனக்கு வசதியாக வளைத்துக்கொண்டார். நான் கேட்டால் மறுக்கவே மாட்டார். மரியாதையாகக் கீழே வைப்பார், தன் முதுகுக்குப் பின்னால்.

"ஏங்க, இங்குட்டு வைங்கன்னா அங்குட்டு வைக்கிறீக?"

"முளைதானே வேணும்? நான் சீவித் தாரேன். நீ அரிசியப் பாரு."

வீட்டில் இதே கையால் அரிவாள்மனையில் கெண்டையும் விராலும் அரிந்து கொட்டுகிறேன், அதை உட்கார்ந்து ரசித்துச் சாப்பிடுகிறார். தோப்புக்கு வந்தால் மட்டும் நான் பாயில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. என் கை வேலைக்கு ஆகுமா ஆகாதா என்பதை நான்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அவர் தீர்மானிக்கக் கூடாது. நல்ல கத்தி ஒன்று வாங்குவது என்று முடிவெடுத்தேன். மடங்கவே மடங்காத கத்தி.

விலை குறைவாக இருக்க வேண்டும், ஏனென்றால் இதற்காகச் சீட்டுப் பணத்தில் கைவைக்க நான் தயாராக இல்லை. கைபேசியில் வீடியோக்கள் பார்த்தேன். எல்லாவற்றிலும் தாடிக்காரர் ஒருவர் பனியில் நின்று, வெண்ணெய் மாதிரி ஒரு மரத்தைச் சீவுகிறார். இங்கே சீமைக்கருவையை ஒரு தடவை அவர் சீவிப் பார்க்கட்டும். ஆசிரியர் அறையில் நான் கத்திப் படங்களாகப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்த தமிழ் டீச்சர், "யாரப் போடப் போறீக?" என்று கேட்டார். வீட்டுக்காரரைத்தான் என்றேன்.

பார்க்கப் பார்க்க எனக்குத் தெளிவு வந்தது. முழ நீளக் கத்தி படத்துக்கு நன்றாக இருக்கும், முளை சீவ உதவாது. உள்ளங்கை அகலத்தைவிடக் கொஞ்சம் நீளமான அலகு போதும். அந்த இரும்பு பிடிக்குள் பாதிக்கு மேலாவது ஓட வேண்டும், இல்லையென்றால் தட்டிப் பிளக்கும்போது பிடி கையோடு வந்துவிடும். துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும், எங்கள் ஊர் வியர்வைக்கு மற்றது ஒரு வாரம் தாங்காது. இவ்வளவும் சரியாகப் பார்த்த நான் கடைசியில் பிடியின் கறுப்பு நிறத்தில் மயங்கி ஒன்றை வாங்கினேன். கறுப்புப் பிடி, கறுப்புத் துணி உறை, பார்க்கக் கம்பீரமாக இருந்தது.

அந்தக் கத்தியோடு தோப்புக்குப் போன முதல் நாளே அவர் அதை எடுத்துக்கொண்டார். துணி உறையில் அலகைத் திணிப்பது தலையணைக்கு உறை போடுவதைப் போல அவஸ்தை, அதனால் உறை பையிலேயே கிடந்தது. நான் கேட்டேன். அவர் வழக்கம்போல முதுகுக்குப் பின்னால் வைத்தார். பிறகு தார்ப்பாய் தொய்கிறதா என்று பார்க்க எழுந்து, மேலே பார்த்தபடியே இரண்டு எட்டு பின்னால் போனார். புளியஞ்சருகுக்குள் கறுப்புப் பிடி தெரியவில்லை. கத்தி ஒரு வேரில் சாய்ந்து, கூர் மேலே பார்த்தபடி கிடந்திருக்கிறது.

செருப்பின் ஓரம் கேக் வெட்டியதுபோல வெட்டுப்பட்டது. குதிகாலில் ஒரு கீறல், அவ்வளவோடு போயிற்று. ஆனால் அவர் முகம் வெளுத்துவிட்டது. காலைக் கழுவி மருந்து வைத்துக் கட்டினேன். கட்டி முடித்த பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"என் கைக்குப் பயந்து உங்க காலுக்குல்ல வச்சீக! வெட்டுறவ கையில இருந்தா கத்தி எங்க இருக்குன்னு அவளுக்காவது தெரியும்."

அவர் வெட்டுப்பட்ட செருப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்த வாரமே ஆயிரத்துச் சொச்சத்துக்கு இரண்டாவது கத்தி வரவழைத்தேன். கறுப்புக் கத்தி வீட்டில் தேங்காய்க் கீற்று எடுக்கப் போய்விட்டது. புதியது ஆரஞ்சுப் பிடி, கண்ணைக் குத்துகிற நிறம், பத்தடி தள்ளிச் சருகில் கிடந்தாலும் கூப்பிடும். கெட்டிப் பிளாஸ்டிக் உறை, உள்ளே போனதும் டக்கென்று பிடித்துக்கொள்ளும், தலைகீழாக ஆட்டினாலும் விழாது. பிடி தடிமனாக, சொரசொரப்பாக இருந்தது. விரல் அலகுக்கு நழுவாதபடி முன்னால் ஒரு சின்ன மேடு. பாதி மடங்குகிற என் விரலுக்குத் தடிமன்தான் தோதாக இருந்தது, முழுக்க மடங்க வேண்டிய தேவையே இல்லை. இதைப் படம் பார்த்து வாங்கியிருக்க முடியாது, முதல் கத்தியில் தோற்றதால்தான் தெரிந்தது. உறைக்குள் போகாமல் கத்தி தரைக்குப் போகக் கூடாது என்று சட்டமும் போட்டேன்.

"சின்னப்புள்ள வெளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கு," என்றார் அவர்.

"இருக்கட்டும். வேலை செய்யுதான்னு பாருங்க."

அடுத்த ஞாயிறு தோப்பில் காய்ந்த வேப்பங்கிளை ஒன்றை எடுத்து உட்கார்ந்தேன். அவர் எனக்கு எதிரே, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்து, என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாலைந்து சீவலுக்குப் பட்டையை மட்டும்தான் சுரண்டினேன். எனக்கும் பயம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். மரத்தை என் உடம்புக்கு வெளிப்பக்கமாகச் சாய்த்து, கட்டைவிரலால் அலகின் முதுகை மெதுவாகத் தள்ளினேன். சீவல் சுருண்டு விழுந்தது. முதல் முளை கோணலாக வந்தது, இரண்டாவதுதான் முளை மாதிரி வந்தது.

மூன்றாவது பாதியில் இருக்கும்போது அவர் எழுந்தார். குடத்தை எடுத்துக்கொண்டு, "பாத்திரம் கழுவத் தண்ணி வேணும், கண்மாய்க்குப் போயிட்டு வாரேன்," என்றார். வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. நான் சொல்லவில்லை. கரை மேல் ஏறினார், அந்தப் பக்கம் இறங்கினார், அப்புறம் அவர் தலைகூடத் தெரியவில்லை. விரல் அறுபட்ட நாளிலிருந்து கத்தி வெளியே இருக்கும்போது அவர் என்னைத் தனியாக விட்டுப் போனதே இல்லை. கத்தியை உறையில் போட்டுவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு மறுபடி உருவினேன்.

சாவகாசமாகத்தான் திரும்பி வந்தார். குடத்தை இறக்கிவைத்தவர் என் கையைப் பார்க்கவில்லை, பாயில் கிடந்த முளைகளைக் குனிந்து எண்ணினார்.

"நாலு போதுமே, ஏழு கெடக்கு?"

நான் எட்டாவதைச் சீவிக்கொண்டிருந்தேன்.