தண்ணீருக்குத் துணை போனவர்கள்

இன்று காலை பல் தேய்த்துக்கொண்டு நின்றபோது மகள் போனைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டினாள். எங்கள் வாய்க்கால் பாசனக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அதில் யாரோ வீடியோ போட்டிருந்தார்கள். தலைமதகில் தேங்காய் உடைக்கிறார்கள், பூத் தூவுகிறார்கள், ஷட்டர் மேலே ஏறுகிறது. அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நானும் ஒரு கும்பிடு போடச் சொன்னேன். அந்தக் கும்பிடு போனில் எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மகள்தான் போட்டுவிடுவாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு வாய்க்காலைப் பார்க்கக் கிளம்பினேன். எனக்கு இப்போது வயல் வேலை கிடையாது. சின்னமனூரில் ஒரு வாழைக்காய் மண்டியில் தார் இறக்குகிறேன். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் வருசா வருசம் கால் தானாகப் போய்விடுகிறது. ஒரு வாசத்துக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த வாய்க்கால் மண்ணில் முதல் தண்ணீர் படும்போது ஒரு வாசம் கிளம்பும். மழை வாசம் மாதிரி இருக்காது. சருகும் ஆட்டுப்புழுக்கையும் காய்ந்துபோன நண்டு ஓடும் சேர்ந்து ஊறுகிற வாசம் அது. அதை நல்ல வாசம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். என் தாத்தா சீனியின் வேட்டிக் கரையில் வருசத்துக்கு ஒரு நாள் அந்த வாசம் அடிக்கும். அம்மா அந்த வேட்டியை மட்டும் தனி வாளியில் ஊறவைப்பாள்.

தாத்தாவுடைய சந்தோசங்களெல்லாம் சின்னச் சின்னவை. காலையில் கருப்பட்டிக் காப்பி, அதோடு மருமகளை ஒரு வார்த்தை சீண்டுவது. சாயங்காலம் சின்ன வயசுக் கூட்டாளி சூசை தாத்தாவோடு பஸ் நிற்கிற இடத்தில் உட்கார்ந்து, இறங்குகிறவர்களின் பைக்குள் என்ன இருக்கும் என்று பந்தயம் வைப்பது. கடமலைக்குண்டுப் பக்கம் பெண் கொடுத்தவர் இறங்கினால் மாங்காய் என்பார் தாத்தா. தேனியிலிருந்து வருகிறவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினால் மருந்து என்பார் சூசை தாத்தா. அப்புறம் இருவரில் ஒருவர் எழுந்துபோய்க் கூச்சமே இல்லாமல் பையைத் திறந்து காட்டச் சொல்வார். நான் அந்தப் பக்கமே போக மாட்டேன். டீக்கடையில் சீனி குறைவாகப் போடச் சொல்லக்கூடக் கூச்சப்பட்டு வருசக்கணக்கில் பாயசம் மாதிரி டீ குடித்தவன் நான். அவருக்கு இப்படி ஒரு பேரன்.

ஆனால் அவருக்குப் பெரிய சந்தோசம் என்று ஒன்று இருந்தது. அது தலைத்தண்ணியோடு நடப்பது.

வைகாசி ஆனியில் ஆற்றில் தண்ணீர் விட்டதும் எங்கள் வாய்க்காலின் தலைமதகைத் திறப்பார்கள். அங்கிருந்து எங்கள் ஊர் மடைக்கு நாலு மைல் இருக்கும். அப்போது அது மண்வாய்க்கால். காய்ந்த மண் குடித்ததுபோக மிச்சம்தான் முன்னால் நகரும். வெடிப்புக்குள் இறங்கும், நிரம்பும், அப்புறம் நுரையையும் சருகையும் தள்ளிக்கொண்டு நாலடி வைக்கும். கர்ப்பிணிப் பெண் நடக்கிற நடை. அந்த முன்நுனிதான் தலைத்தண்ணி. தாத்தா, சூசை தாத்தா, மொக்கைச்சாமித் தாத்தா மூவரும் விடியற்காலையில் தலைமதகுக்குப் போய், தண்ணீருக்குப் பக்கத்திலேயே கரைமேல் நடந்து ஊர் வரைக்கும் கூட்டி வருவார்கள். மாப்பிள்ளை அழைப்பு மாதிரி. இளவட்டமாக இருந்தபோது ஏதோ ஒரு பந்தயத்தில் ஆரம்பித்ததாம். ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள்.

"ஏன் மாமா, நீங்க போகாட்டி தண்ணி வராதாக்கும்?" என்பாள் அம்மா.

"வரும் ஆத்தா. வழி தெரியாம நிக்கும்," என்பார் தாத்தா.

திட்டிக்கொண்டேதான் அவள் புளிச்சோறு கட்டிக் கொடுப்பாள். சூசை தாத்தா வீட்டிலிருந்து கருவாட்டுத் தொக்கு வரும். பாதி வழியில் வாய்க்கால் ஒரு வளைவு வளையும். இவர்கள் மட்டும் வளைவைச் சுற்றாமல் குறுக்குப்பாதையில் இறங்கி, தண்ணீருக்குக் கொஞ்சம் முன்னதாகவே ஒரு நாவல் மரத்தடிக்குப் போய்விடுவார்கள். அங்கே வாய்க்காலில் ஆள் உயரத்துக்கு ஒரு பள்ளம் இருந்தது. தண்ணீர் வந்து அதில் சளசளவென்று விழும். அது நிரம்பித் தாண்டுவதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். விழுகிற சத்தம் கேட்டால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பது, சத்தம் அடங்கினால் கை கழுவிவிட்டு எழுந்திருப்பது. மேற்கேயிருந்து அந்த மாதத்தில் அடிக்கிற காற்று மண்ணை வாரிச் சோற்றில் போடும் என்பதால் வாய்க்காலுக்கு முதுகு காட்டித்தான் உட்காருவார்கள். காது போதும், கண் தேவையில்லை.

கடைசியில் எங்கள் ஊர் மடை. வாய்க்காலிலிருந்து ஊர் வயல்களுக்குக் கிளைக்கால் பிரிகிற இடம். மூவரும் தண்ணீரை முந்திக்கொண்டு காய்ந்த கிளைக்காலில் இறங்கி வரிசையாக நிற்பார்கள். நீர்பாய்ச்சி என்று ஊர் வைத்திருக்கிற மடைக்காரர் ஷட்டரைத் திருப்பியதும் தண்ணீர் வந்து பாதத்தில் முட்டும். அவ்வளவுதான் விசயம். அதற்காகத்தான் நாலு மைல்.

மொக்கைச்சாமித் தாத்தா செத்துப்போன வருசமும் மற்ற இருவரும் போனார்கள். அவர் பங்குச் சோறு யாருக்கு என்பதில் நாவல் மரத்தடியில் சண்டையாகி, சூசை தாத்தா வழி நெடுகப் பேசாமல் வந்தார். ஊர் மடையில் கால் நனைந்ததும் பேசிவிட்டார்கள்.

நான் சொல்ல வந்தது அதற்கு இரண்டு வருசம் கழித்து நடந்தது. அந்தக் கோடையில் நாவல் மரத்திலிருந்து எங்கள் ஊர் வரைக்கும் வாய்க்காலுக்குச் சிமெண்ட் போட்டார்கள். பள்ளத்தையும் நிரவி மட்டம் செய்துவிட்டார்கள். தாத்தாவுக்கு அப்போது இரண்டு கண்ணிலும் புரை. ஆள் நடந்து வந்தால் நிழல் நகர்கிற மாதிரிதான் தெரியும் அவருக்கு. தேனியில் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னால், "தண்ணி வரட்டும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அம்மா ஒப்பந்தம் பேசினாள். இந்த ஒரு தடவை போகலாம், கால் நனைந்த மறுநாள் ஆஸ்பத்திரி. நனையாவிட்டால் வர மாட்டேன் என்று தாத்தா அதிலும் ஒரு கொக்கி போட்டார். சும்மா சொல்கிறவர் இல்லை. சொன்னால் வர மாட்டார்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நாற்றங்கால் உழவுக்காக, ஊர் மடைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மற்றவர்களோடு காத்திருந்தேன். மண்வெட்டியோடு பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். உச்சிப்பொழுதுக்குத்தான் தண்ணீர் வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

பத்து மணி வாக்கில் தண்ணீர் வந்தது. நடந்து வரவில்லை. சிமெண்டுமேல் பாயை உருட்டிவிட்ட மாதிரி சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. கரையில் யாரும் இல்லை.

எழுந்து கரைக்கு ஓடினேன். புது சிமெண்ட் சரிவு, பார்வையில்லாத கிழவர். தண்ணீரில் துண்டு கிண்டு மிதந்து வருகிறதா என்று பார்த்தேன். சருகுதான் வந்தது. நீர்பாய்ச்சி பெருமாள் அண்ணன் எழுந்துபோய் ஷட்டர் சக்கரத்தில் கை வைத்தார்.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க," என்றேன்.

அத்தனை பேரும் திரும்பினார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"ஏலே, இவனுக்கு வாயி இருக்குடா," என்றார் ஒருவர்.

"தாத்தா இன்னும் வரலை," என்றேன்.

"உங்க தாத்தன் வந்து தாலி கட்டுனாத்தான் தண்ணி உள்ள வருமாக்கும்? கீழூர்க்காரன் இந்நேரம் வண்டியப் பூட்டியிருப்பான்."

அவர் சொன்னதும் நியாயம்தான். நாம் மடையைத் திறக்காவிட்டால் தண்ணீர் நேரே கீழூருக்குப் போகும். முதல் உழவு அவர்களுக்கு. கும்பிடுவதா என்று யோசித்துக் கையை ஆட்டினேன் போலிருக்கிறது. பெருமாள் அண்ணன் என்னையே பார்த்தார். அப்புறம் சக்கரத்தை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுச் சொன்னார்.

"ப்ச். துருப்பிடிச்சு நிக்குது. ஏலே, வண்டியில கிரீஸ் வச்சிருக்கியா? எடுத்துட்டு வா. ஓடாத, மெதுவா வா. விழுந்து கிழுந்து தொலைக்காத."

நான் மெதுவாகப் போனேன். வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக எங்கும் போனதில்லை. டப்பாவைத் திறந்து பார்த்து, மூடி, மறுபடி திறந்து, துணி தேடி எடுத்துக்கொண்டு வந்தேன். பெருமாள் அண்ணன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஒவ்வொரு பல்லாகக் கிரீஸ் தடவினார். எல்லாருக்கும் தெரியும். தாலியைப் பற்றிப் பேசியவர் மட்டும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் ஒரு வருசம் என்னோடு பேசவில்லை. நானும் அதற்கு முன்னால் அவரோடு பேசியதில்லை என்பதால் பெரிய நட்டமில்லை.

கொஞ்ச நேரத்தில் கரைமேல் இரண்டு உருவம் தெரிந்தது. சூசை தாத்தா முன்னால். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் தாத்தா. என்ன நடந்தது என்பதை அப்புறம்தான் சூசை தாத்தா என்னிடம் தனியாகச் சொன்னார். வழக்கம்போல நாவல் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். சத்தம் கேட்கவில்லை. தண்ணீர் இன்னும் வளைவைச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். விழுவதற்குப் பள்ளம் இருந்தால்தானே சத்தம் கேட்கும். இவர்கள் முதுகுக்குப் பின்னால் அது பாட்டுக்குப் போய்விட்டது. பொறுத்துப் பார்த்துவிட்டு, பசி தாங்காமல் சாப்பிட்டும் முடித்த பிறகுதான் சூசை தாத்தா திரும்பிப் பார்த்திருக்கிறார்.

"சிமெண்டு போட்டது எனக்குத் தெரியும்லே. தண்ணிக்கும் தெரியும்னு நெனைக்கலை," என்றார்.

மடைக்கு வந்து சேர்ந்ததும் தாத்தா முகத்தைத் தூக்கி, "தண்ணி?" என்று கேட்டார்.

சூசை தாத்தா தளும்பிக்கொண்டு ஓடிய வாய்க்காலைப் பார்த்தார். கிரீஸ் கையோடு நின்ற பெருமாள் அண்ணனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அந்தா வருது. இறங்கு சீனி, நேரமாச்சு," என்றார்.

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு காய்ந்த கிளைக்காலில் இறங்கினார்கள். மொக்கைச்சாமித் தாத்தாவுக்கு இடம் விட்டமாதிரி கொஞ்சம் தள்ளி நின்றார்கள். காலம்காலமாக நின்ற பழக்கமாகவும் இருக்கலாம். பெருமாள் அண்ணன் சக்கரத்தைத் திருப்பினார். துருவெல்லாம் ஒன்றுமில்லை, வெண்ணெய் மாதிரி சுற்றியது. தண்ணீர் புழுதியை நனைத்து, அந்த வாசத்தைக் கிளப்பிக்கொண்டு போய் அவர்கள் பாதத்தில் முட்டியது. தாத்தா விரல்களை மடக்கி விரித்தார்.

"உச்சி சாய்றதுக்குள்ள வந்துட்டோமா?"

"வந்துட்டோம்."

"சோறு இன்னிக்கு உப்புக் கம்மி," என்றார் தாத்தா. கரைக்கு ஏற நான் கை கொடுத்தேன்.

சொன்ன சொல் மாறாமல் மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். முதலில் ஒரு கண், சில மாதம் கழித்து இன்னொன்று. முதல் கண்ணில் கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப் பார்த்து, "நீ எப்ப ஆத்தா இம்புட்டுக் கருத்த?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். சாயங்காலம் பச்சைத்துணியைக் கண்ணுக்கு மேல் தொங்கவிட்டுக்கொண்டு என்னை வாய்க்காலுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். துணியைத் தூக்கிக்கொண்டு சிமெண்டில் ஓடுகிற தண்ணீரை ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு சருகைக் கிள்ளிப் போட்டு, அது கண்ணைவிட்டு மறைகிற வரைக்கும் பார்த்தார்.

"அன்னிக்கு எம்புட்டு நேரம்லே நிறுத்தி வச்சீக?"

"முக்கா மணி நேரம் இருக்கும் தாத்தா," என்றேன்.

"கீழூர்க்காரன் சிரிச்சிருப்பான்," என்றார். இன்னொரு சருகைக் கிள்ளிப் போட்டார். "சூசைக்கிட்டச் சொல்லாத. நான் நம்பிட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கான்."

அடுத்த வருசத்திலிருந்து அவர்கள் தலைமதகுக்குப் போகவில்லை. கூட வர முடியாவிட்டால் எதிரே நிற்கலாம் என்று காலையிலேயே ஊர் மடையில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். பையைப் பார்த்து யூகிக்கிற மாதிரி, தண்ணீர் என்ன தள்ளிக்கொண்டு வரும் என்று பந்தயம். ஒரு வருசம் ஒற்றைச் செருப்பு என்று சொல்லி தாத்தா ஜெயித்தார். இன்னும் நாலைந்து வருசம் அப்படிப் போயிற்று. முதலில் சூசை தாத்தா போனார். மறுவருசம் தாத்தா தண்ணீர் பார்க்க வரவில்லை, காப்பி ஆறுகிறது என்றார். அந்தத் தையில் அவரும் போய்விட்டார். பெருமாள் அண்ணன் மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

நாவல் மரத்தைக் கரை அகலப்படுத்தும்போது வெட்டினார்கள். நாலு மைலுக்கும் இப்போது சிமெண்ட், கிளைக்காலுக்கும் சேர்த்து. ஷட்டருக்கு மோட்டார் வைத்து அதற்கு ஒரு கம்பிக்கூண்டும் போட்டிருக்கிறார்கள். வயலெல்லாம் ஒழுங்காகப் பாய்கிறது, கடைமடைக்காரரும் நடுகிறார். குறை சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

இன்று நான் போனபோது மடையில் யாரும் இல்லை, ஷட்டரை முன்னதாகவே தூக்கிவிட்டுப் போயிருந்தார்கள். காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் தண்ணீர் வருவது தெரிந்தது. கிளைக்காலில் இறங்கி நிற்கலாமா என்று தோன்றியது. சுற்றிலும் யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, குனிந்து செருப்பைக் கழற்றினேன். ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது தலைத்தண்ணி என்னைத் தாண்டிப் போயிருந்தது. கிளைக்கால் முழுக்க ஈரம். மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். சிமெண்ட் நனைந்த வாசம்தான் இருந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு மண்டிக்குப் போனேன்.