ஃபேன் இல்லாத வீட்டுக் கொளுக்கி

சைக்கிளை வேலியில் சாய எறிந்துவிட்டு ஒரு வீட்டுக்குள் ஓடியது என் வயறிங் வேலைக் காலத்தில் ஒரேயொரு தடவைதான். கரண்ட் அடித்து அல்ல, நெருப்புப் பிடித்தும் அல்ல. அந்த வீட்டில் இரண்டு பல்ப்பைத் தவிர கரண்டில் ஓடுகிற சாமான் ஒன்றுமே இருக்கவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அறிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

1. வெறும் வீடு

எழுபதுகளில் திருகோணமலையில் வாடகை வீடென்றால் வெறும் வீடு. குடியிருந்தவர் மாற்றலாகிப் போகும்போது ஃபேன் போகும், றெகுலேற்றர் போகும், பல்ப் போகும். சிலர் ஹோல்டரையும் விடமாட்டார்கள். ஒருவர் வாசல் மணியின் பொத்தானைக் கழற்றச் சொன்னார். "போற வீட்டில மணி இல்லைத்தான். பொத்தான் இருந்தா ஒரு மரியாதைதானே?" என்றார். கழற்றிக் கொடுத்தேன்.

ஃபேன் நினைத்தவுடன் கடையில் வாங்க ஏலாத காலம் அது. வைத்திருந்தவர்கள் ஊர் ஊராகக் காவித் திரிந்தார்கள். கழற்றவும் நான், புதிதாக வருகிறவரின் ஃபேனைப் பூட்டவும் நான், இரண்டுக்கும் கூலி. அதனால் வீட்டுக்காரரே ஒன்றைப் போட்டுக் கொடுத்தால் என்ன என்று நானாக வாய் திறந்ததில்லை.

சிவகுரு முதலாளி புடவைக்கடைக்காரர். கடற்கரைப் பக்கம் அவருக்கு மூன்று வீடுகள். மூன்றின் வேலையும் என் கையில். ஒரு மாரியில் நடு வீட்டில் குடியிருந்த கிளாக்கர் இடம்மாறிப் போக, அவருடைய ஃபேனைக் கழற்றினேன். அது தொங்கின கொளுக்கி, தீராந்தி என்கிற கூரை உத்தரத்தைத் துளைத்துப் போகிற ஒரு இரும்புக் கம்பி. மேலே நட் போட்டு இறுக்கியிருக்கும். ஓட்டில் ஒழுக்கு, வெளியே உப்புக் காற்று. ஃபேனைத் தூக்கி எடுத்ததும் துரு செதில் செதிலாக என் உள்ளங்கையில் விழுந்தது.

"முதலாளி, இது போச்சு. மாத்தவேணும்."

கீழே நின்ற அவர் மேலே பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்தார். புதிதாகப் பூசிய சீமெந்தில் துருத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கிடந்தது.

"ஃபேன் தொங்கினால்தானே மாத்தவேணும்? வாற ஆளிட்டை ஃபேன் இல்லையாம். விடும்."

"அப்ப நீங்களே ஒண்டைப் போட்டுக் குடுத்தால்..." அன்றைக்குத்தான் முதல்தரம் என் வாயில் அது வந்தது.

"நல்லாயிருக்கு! நாளைக்கு குக்கர் கேப்பான். நாளையிண்டைக்குக் கிணத்துக்கு மோட்டர் கேப்பான். பிறகு சமைக்க என்ரை மனிசியையும் அனுப்பட்டோ? வெறும் வீடு எண்டால் சுவரும் கூரையும், ஐசே. வாற ஆள் குறை சொல்லாமல் உந்தச் சொட்டுக்கு மட்டும் ஒரு வழி செய்யும்."

எனக்கு அவருடைய மூன்று வீடும் தேவை. வயருக்குச் சுற்றுகிற கறுப்பு ஒட்டு ரேப்பை எடுத்து, தீராந்தியின் அடியிலிருந்து வளைவு முடியும்வரை இறுக்கிச் சுற்றினேன். சொட்டு நின்றது. பார்க்கப் புதுச்சாமான் மாதிரி வந்தது. "உம்மடை கை கைதான்" என்றார் முதலாளி.

அன்றிரவு நித்திரை வரவில்லை என்று எழுதினால் அது பொய். நல்லாய் நித்திரை கொண்டேன்.

2. துறைமுக வாசல்

கச்சான் காற்றுத் தொடங்கி இரண்டாம் கிழமை. அடுப்புக்கு முன் நிற்பதுபோல ஊரே எரிந்தது. காலைத் தேத்தண்ணிக்காகத் துறைமுக வாசல் கடைக்குப் போனபோது ஜெமீல் என்னைப் பிடித்தார். நடு வீட்டுக்கு வந்தவர் அவர்தான். கிண்ணியா ஆள், துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிளாக்கர்.

"வயர்மன் அண்ணன், உங்களைத்தான் தேடினன். மச்சான் ஒருத்தன்ட ஃபேன் கிடைச்சிரிக்கி. வந்து பூட்டித் தாறீங்களா? சூட்டில புள்ளைக்கு உடம்பெல்லாம் கொப்புளம்."

"ஜெமீல், அந்தக் கொளுக்கியில..."

"தெரியும், அதில ஏலாது. வேற இடம் பார்க்கோணும். அதிலதான் புள்ளைக்குச் சேலையில ஏணை கட்டிரிக்கி. பொறந்து நாப்பது நாள் முடிஞ்சதில இருந்து மகள் அதுக்குள்ளதான். என்ட பொஞ்சாதி ஆட்டுற ஆட்டுக்கு நிலாவெளிக்கே போய்ட்டு வந்திடலாம்!"

"இப்பவும் அதுக்குள்ளயோ?"

"இந்த நேரம் நித்திரை. ஏன் அண்ணன்?"

தேத்தண்ணியைக் குடிக்காமலே சைக்கிளில் ஏறினேன்.

சைக்கிள் மிதித்த அந்தக் கொஞ்சத் தூரத்தில் எனக்குள் ஒரே வழக்கு. மூன்று மாதப் பிள்ளை ஃபேனைவிடப் பாரம் குறைவு, தாங்கும். ஆனால் ஃபேன் நேரே தொங்கும், ஏணை பக்கம் பக்கமாய் இழுக்கும், தாங்காது. இவ்வளவு நாளும் தாங்கினது இன்றைக்கு மட்டும் விடுமா? இவ்வளவு நாளும் தாங்கினதாலேயே இன்றைக்கு விடலாம். பாதி வழியில் செயின் கழன்றது. கையெல்லாம் கிறீஸ். போட்டு மிதித்தேன். திரும்பவும் கழன்றது. உருட்டிக்கொண்டே ஓடினேன்.

3. ரேப்புக்குள்

ஜெமீலின் மனைவி றசீனா நிலத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஏணைக் கயிற்றைக் கால் பெருவிரலில் கட்டி, இழுத்து இழுத்து ஆட்டிக்கொண்டிருந்தார். கொளுக்கியில் நான் சுற்றிய ரேப் பளபளவென்று அப்படியே இருந்தது.

"இழுக்காதீங்கோ!" என்று கத்தினேன்.

அதுதான் நான் செய்த இரண்டாவது பிழை. அவர் பயந்து காலை உதற, ஏணை பெரிய ஆட்டமாய் ஆடியது. மேலே கிர்ரென்று ஒரு சத்தம். பாய்ந்துபோய்ச் சேலையோடு சேர்த்துப் பிள்ளையை நெஞ்சில் அணைத்துப் பிடித்தேன். பிள்ளை வீரிட்டு அழுதது. அதன் கன்னத்தில் என் கிறீஸ் விரல் அடையாளம்.

"என்ன அண்ணன், உங்களுக்குப் பைத்தியமா?" றசீனா பிள்ளையைப் பறித்தெடுத்தார்.

ஏணையை அவிழ்த்துவிட்டுக் கதிரையில் ஏறிக் கொளுக்கியை இழுத்தேன். வரவில்லை. இன்னொருதரம் இழுத்தேன். வரவில்லை. எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது. பிறகு ரேப்பை உரித்தேன். உரிக்க உரிக்க இரும்பும் சேர்ந்து உரிந்தது. நடுவில் மிஞ்சியது ஈர்க்குத் தடிப்பில் ஒரு கம்பிதான். இரண்டு விரலால் வளைத்தேன், முறிந்து கையோடு வந்தது.

றசீனா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க சுத்தின ரேப்பா?"

"ஓம்."

"இந்த வீட்டில மற்றதெல்லாம் பழசு. இது ஒண்டுதான் ஆரோ கவனிச்ச இடம் எண்டு நம்பித்தான் கட்டினன். உங்களுக்கு முந்தியே தெரியுமா, அண்ணன்?"

"ஓம். உங்களிட்டை ஃபேன் இல்லைத்தானே, ஒண்டும் பூட்டமாட்டியள் எண்டு நினைச்சன்."

"ஃபேன் இல்லாட்டி எங்களுக்குத் தொங்கவிட ஒண்டுமே இரிக்காதா?"

4. கடை மேசையில்

முறிந்த துண்டை நேரே கொண்டுபோய் முதலாளியின் கடை மேசையில், துணிகளுக்கு நடுவில் வைத்தேன். ஏணையைச் சொன்னேன். கால் விரலில் கட்டிய கயிற்றைச் சொன்னேன். ரேப் சுற்றினது நான் என்பதையும் ஒளிக்கவில்லை. அவர் துண்டை எடுத்தார். அது விரலில் மாவாய் உதிர்ந்தது. துணியில் விழுந்த துருவை அவர் தட்டவில்லை.

அடுத்த கிழமை மூன்று வீட்டுக்கும் புதுக் கொளுக்கி. எங்கே பிடித்தாரோ, மூன்று ஃபேனும் வந்தது. "பூட்டும். இனி ஒருத்தரும் கழட்டத் தேவையில்லை" என்றார். கழற்றிப் பூட்டுகிற வேலை அந்த வீடுகளில் எனக்கு அத்தோடு போய்விட்டது. போகட்டும்.

அதற்குப் பிறகு வீட்டுக்காரர் யார் என்னைக் கேட்டாலும் ஒரே கதைதான். அடுப்பு, அலுமாரி, கட்டில் எல்லாம் வருகிறவர் கொண்டுவரட்டும். தீராந்தியிலும் சுவரிலும் கிணற்றிலும் பூட்டுகிற சாமானை நீங்கள் போடுங்கள். ஃபேன் உங்களுடையது என்றால் எப்போதாவது ஒருநாள் மேலே பார்ப்பீர்கள். இல்லையென்றால் சொட்டு விழுந்த நிலத்தை மட்டும் பார்ப்பீர்கள். வெறும் வீடு என்று ஒன்றில்லை. ஆட்கள் வந்த அன்றைக்கே எதையாவது எதிலாவது கட்டுவார்கள்.

ஆனபடியால் ஆளில்லாத வீடொன்றுக்குள் போனால் நான் முதலில் சுவிச்சைத் தேடுவதில்லை. பக்கத்து வீட்டில் கதிரை ஒன்றை வாங்கிப் போட்டு ஏறி, கொளுக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அது என் பாரத்தைத் தாங்குகிறதா என்று பார்க்கக் கதிரையைக் காலால் தள்ளிவிடுகிறேன்.