தலைப்பக்கம் இல்லாத மேசை

எண்பதுகளில் மலேசியாவில், கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் கிராணியாக இருந்தேன். ஐந்தாம் படிவம் வரை படித்தவள். டைப் அடிப்பேன், போன் எடுப்பேன்; அதற்கு மேல் வாய் திறக்க மாட்டேன். கம்பெனிக்கு இரண்டு முதலாளிகள். சின்னவர், பெரியவருடைய மனைவியின் தம்பி. புது லோரிகள் வாங்குவதா வேண்டாமா என்ற பேச்சு முற்றி, இருவரும் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். ஒருவர் மாடியில், ஒருவர் கீழே. சேதி சொல்லப் படியேறி இறங்குவது நான்.

ஒருநாள் பெரியவரின் மனைவி ஆபீசுக்கு வந்தார்.

"ஆடி முடிஞ்சதும் ரெண்டு பேரும் உக்காந்து பேசுறாங்களாம். ஒத்து வரலன்னா லோரிங்களப் பிரிச்சிக்கிட்டு கம்பெனிய மூடிடுவாங்க. மாடி ரூமுக்கு ஒரு மீட்டிங் மேசை நீதான் பாக்கணும்."

"நானாக்கா?"

"பின்ன? நான் வாங்கினா, புருஷனுக்காக வாங்கினேன்னு தம்பி சொல்லுவான். தம்பிக்காகன்னு அவரு சொல்லுவாரு. ஒன்ன யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க லா. ஆனா, மீட்டிங் மேசைக்குத் தலைப்பக்கம்னு ஒன்னு இருக்கே. அதுல யாரு உக்காருறது? அதான் பயம்."

அன்றிலிருந்து போகிற இடத்திலெல்லாம் மேசைகளையே பார்த்தேன். அதுவரை அவற்றை நான் கவனித்ததே இல்லை. பேங்கில் நீள மேசையின் குறுகிய பக்கத்தில் மேனேஜர். மற்றவர்களின் கழுத்தெல்லாம் அவர் பக்கமே திரும்பியிருந்தது. பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையிலும் நீள மேசைதான். அங்கே தலைப்பக்கத்தில் ரச வாளி நின்றது. சீனன் கோப்பிக்கடையில் வட்டமான பளிங்கு மேசையைச் சுற்றி நாலு கிழவர்கள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யார் தலைப்பக்கம் இருக்கிறார் என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். கோப்பி ஆறியதுதான் மிச்சம்.

தளவாடக் கடைக்குப் போய் வட்ட மேசை கேட்டேன். கடை முதலாளியான சீனத் தவுக்கே தமிழ் பேசுவார்.

"வூட்டுக்கா, தங்கச்சி? பத்து ஆளு சாப்புடலாம்."

"ஆபீசுக்கு."

"ஆபீசா? நல்லது லா. சண்டை போட்டு எழுந்திரிச்சா மூலை இடிக்காது."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அதையே எடுத்தேன்.

பேச்சு நாள் வந்தது. முதலில் பெரியவர் வந்தார்.

"என்னம்மா இது, கல்யாண டின்னர் மேசையா?"

பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துத் திசை கணித்தார். நல்ல பேச்சு என்றால் கிழக்கு பார்த்து உட்காருவது அவர்கள் குடும்பத்துப் பழக்கம். இத்தனை மேசை பார்த்த எனக்கு அது தோன்றவே இல்லை. கிழக்கு பார்த்த நாற்காலியில் அவர் உட்கார்ந்துவிட்டார். அடுத்து வந்த சின்னவரும் நேரே அங்கேதான் போய் நின்றார்.

"தள்ளி உக்காருங்க அத்தான்."

"அந்தப் பக்கம் பூரா காலியாத்தானே கெடக்கு?"

"மேற்கு பாத்து முடிவெடுக்கவா? நீங்க போயி உக்காருங்க, பாப்போம்."

பெரியவர் நாற்காலியை நகர்த்தினார். இருவரும் தோள் இடிக்க, பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தார்கள். எதிரே குறிப்பெடுக்க நான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும். இருவருக்குமே அதில் இஷ்டமில்லை. அதனால் என்னைப் பார்த்தே பேசத் தொடங்கினார்கள்.

"பழைய லோரி ஈப்போ மேட்டுல மூச்சு வாங்குது. அவருக்குத் தெரியுமான்னு கேளும்மா."

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவர், "தெரியும். ஒரேயடியா மூணு வாங்கினா வேலை எங்க இருக்கு? அதைச் சொல்லச் சொல்லு" என்றார்.

"மூணு எதுக்கு? ஒன்னு வாங்கிப் பாப்போமே."

"ஒன்னுன்னு எப்பச் சொன்ன?"

"நீங்க எப்பக் கேட்டீங்க?"

இரண்டு பக்கமும் தலையாட்டிக் கழுத்து வலித்தது. மெல்ல எழுந்து கோப்பி கலக்கப் போனேன். திரும்பி வந்தபோது ஒன்று வாங்குவதென்று ஆகி, எந்தப் பழைய லோரியை விற்பது என்பதில் வாதம் நடந்துகொண்டிருந்தது. இருவரும் என் காலி நாற்காலியைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உட்காரவில்லை.