கம்பெனி பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனேன்

ஜெபத்தில் என்னைத் தாங்குகிற அக்கா தங்கைகளே, ஆலங்காயத்திலிருந்து கிரேஸ் எழுதுகிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருக்கிறேன்.

போன வருஷம் பக்கத்து மெஷின் வசந்தி, தான் கோணலாகத் தைத்த தோல்களை என் தட்டில் தள்ளிவிட்டாள். தோலில் ஊசி இறங்கினால் ஓட்டை ஓட்டைதான், பிரித்துத் தைக்க முடியாது. மேனேஜரிடம் என் பெயரையும் சொல்லிவிட்டாள். அவள் சூப்பர்வைசர் ஆனாள். என்னைப் பசை ஒட்டும் பிரிவுக்கு அனுப்பினார்கள். எனக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு. அந்தப் பசை சொல்யூஷன் நெடியில் நெஞ்சு இழுத்தது. வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

தினமும் கம்பெனி பஸ்ஸில் அவளுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்துதான் ஜெபித்தேன். "ஆண்டவரே, பொய் சொன்னவள் புதுச் செயின் போட்டுச் சிரிக்கிறாள். ஒழுங்காக இருந்த நான் மூச்சுக்குத் தவிக்கிறேன். இது நியாயமா? முதலில் அவளை இறக்கும். அப்புறம் என் மூச்சைக் காப்பாற்றும்."

நான் ஜெபிக்க ஜெபிக்க அவள்தான் பளபளப்பானாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு நாள் காலை, வாணியம்பாடி தாண்டியதும் மூச்சு அடைத்துக்கொண்டது. கம்பெனி பஸ் நடுவழியில் நிற்காது. சூப்பர்வைசர் சொன்னால்தான் டிரைவர் பிரேக்கில் கால் வைப்பார். வசந்தி திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, வண்டிய ஆஸ்பத்திரிக்கு விடு. லேட்டானா நான் பதில் சொல்லிக்கிறேன்."

ஒரு பஸ் நிறையப் பெண்களோடு ஆஸ்பத்திரி வாசலில் போய் இறங்கினேன். மருந்துப் புகை உள்ளே போனதும் மூச்சு திரும்பியது. அதுவரை வசந்தி என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். மறுநாள் மேனேஜரிடம் போய், "கிரேஸ் கை நல்லா ஓடும் சார், மெஷின்லயே போடுங்க" என்றாள். பழைய பொய்யைப் பற்றி மூச்சு விடவில்லை. இருக்கட்டும். மெஷின் திரும்பக் கிடைத்தது, இழுப்பும் அடங்கியது. ஸ்தோத்திரம்.

இப்போது அவள் பக்கத்து சீட்டில்தான் உட்காருகிறேன். ஒரு நாள் மனசு கேட்காமல், "உன்ன இறக்கச் சொல்லித்தான் ஜெபம் பண்ணேன் வசந்தி" என்று சொல்லிவிட்டேன்.

"அதான் எனக்குச் சம்பளம் ஏறிச்சா? இன்னும் ஜாஸ்தியா பண்ணு" என்று சிரித்தாள்.

அநியாயக்காரர்கள் ஏன் நன்றாக வாழ்கிறார்கள் என்று எனக்கு இன்னும் முழுதாகத் தெரியாது. உங்களுக்கும் வயிறு எரிந்தால் ஆண்டவரிடமே போய்க் கொட்டுங்கள், கேட்பார். நான் கேட்ட வரிசையில் அவர் செய்யவில்லை. செய்திருந்தால் அன்று பஸ்ஸைத் திருப்பச் சொல்ல ஆள் இருந்திருக்காது.